சேதி போய்ச் சேராத தூரம்

சாகர் ஜில்லா, மத்தியப் பிரதேசம்
6-3-1983

சௌந்திரத்துக்கு,

நல்லபடியா வந்து சேந்துட்டேன். நீயும் அம்மாவும் நம்ம புள்ளை பாவாயியும் எப்படி இருக்கீங்கன்னு நெனைக்காம ஒரு வேளை சோறு எறங்கறதில்லை. இப்படி எழுதினா நீ நம்ப மாட்டே. ஆனா நெசம்.

ரிக் வண்டி திருச்செங்கோட்டுல கிளம்பி ஒரு வாரத்துக்கு மேல ஓடுச்சு. கம்ப்ரசர் லாரி முன்னால, நாங்க பின்னால. இங்க மேல கரிசல் மண்ணு, கீழ பாறை. போர் போடறதுக்கு நம்மூர்ப் பாறையை விட லேசாத்தான் இருக்குது. ஆனா கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. மெசினை நிறுத்தினாலும் காதுக்குள்ள அது நிக்கறதில்லை. சோறு திங்கறப்போ யாரும் பேசிக்கறதும் இல்லை. தின்னுட்டு லாரிக்கு அடியில நெழல் பாத்துப் படுத்துக்குவோம்.

மேனேஜர் செல்லமுத்து திருச்செங்கோட்டுக்காரரு. முதலாளிக்குச் சொந்தம். இங்க இந்தி தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தருதான். ஒரு பீடி கேக்கறதுன்னாலும் நாங்க அவரு வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோணும். எங்கிட்ட நல்லா இருக்காரு. நாந்தான் டிரில்லர், நான் இல்லாட்டி வண்டி நின்னு போகுமே, அதனாலயும் இருக்கும்.

நாங்க ஊரு ஊரா மாறிக்கிட்டே இருப்போம். கடுதாசியெல்லாம் சாகர்ல எங்களுக்கு வேலை புடிச்சுக் குடுக்கற ஏஜெண்டு கடைக்குத்தான் வரும். டீசலுக்குப் போகும்போது செல்லமுத்து எடுத்துக்கிட்டு வருவாரு. அதனால பதிலு தாமசமானா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே.

நான் கிளம்பும்போது நீ வாசலுக்கு வரலை. கிணறு காஞ்சு கெடக்குது, வெத்தலைக் கொடிக்காலை மட்டும் நம்பி இந்த வருசம் எப்படி ஓட்டறது? போகாதீங்கன்னு நீ சொன்னது சரி, நான் வந்ததும் சரி. மழைக்காலம் ஆரம்பிச்சா வண்டி திரும்பிரும். அதுவரைக்கும் அம்மாவை அனுசரிச்சுக்கிட்டுப் போ.

பாவாயி என்னைத் தேடறாளா? தேடினா எழுது. தேடலைன்னா எழுதாதே.

இப்படிக்கு,
சின்னுசாமி


பரமத்தி வேலூர்
20-3-1983

மாமாவுக்கு,

உங்க கடுதாசி கிடைச்சுது. நான் வாசலுக்கு வரலைன்னு எழுதியிருக்கீங்க. வந்திருந்தா உங்களைப் போக உட்டிருக்க மாட்டேன், அதனாலதான் வரலைங்க.

அத்தையை அனுசரிச்சுப் போகச் சொல்றீங்க. நானும் அவங்களும் நேரா பேசிக்கிட்டே நாளாச்சு. எனக்குச் சொல்ல வேண்டியதை அவங்க மாட்டைப் பாத்துச் சொல்றாங்க. நான் பாவாயியைப் பாத்துப் பதில் சொல்றேன். ரெண்டு பேருக்கும் நடுவுல அது பாவம் திரும்பித் திரும்பிப் பாக்குது. ஆம்பளை இல்லாத ஊடு எத்தனை பெருசா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. மத்தியானத்துல அடுக்களையில ஒரு டம்ளர் உருண்டா தெருவுக்கே கேக்கற மாதிரி இருக்குது.

பேச்சுத் துணைன்னா, வெத்தலை கிள்ள வர்ற மாரக்காள் ஒருத்திதான். அவ புருசன் சடையன் தண்ணி கட்டறான், இவ கிள்ளறா, நான் எண்ணிக் கட்டுக் கட்டாக் கவுளி அடுக்கறேன். அப்ப நாலு வார்த்தை பேசிக்குவோம். அதுக்கும் அத்தைக்கு ஆகறதில்லை. "ஆளுக்காரிகிட்ட உக்காந்து என்ன கதை"ன்னு மாட்டுகிட்டச் சொல்றாங்க.

பாவாயி தேடறா. ரோட்டுல லாரி போனா ஓடிப்போயி நிக்கறா. நேத்து எங்கிட்டக் கேக்கறா: "அப்பா பூமியில ஓட்டை போடறாரே, அடியில இருக்கறவங்க மேல தண்ணி ஒழுகாதா?" நான் என்னங்க சொல்லட்டும்? அப்பா வந்ததும் கேட்டுக்கோன்னு சொல்லியிருக்கேன். பதிலை யோசிச்சு வையுங்க.

ரெண்டு நாளா அவளுக்கு மேலு சுடுது. கஞ்சி வேண்டாங்கறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு சொன்னேன். வெயில் சூடுதான்னு அத்தை மந்திரிச்சுக் கயிறு கட்டி உட்டிருக்காங்க. நாளைக்குச் சரியாயிரும்.

சீக்கிரம் பதில் போடுங்க. ரெண்டு வரியானாலும் போடுங்க.

சௌந்திரம்


பரமத்தி வேலூர்
4-4-1983

மாமா,

உங்க சித்தப்பா மகன் சுவாமிநாதன் அன்னைக்கே தந்தி குடுத்தாரு. கிடைக்கலைங்களா?

நம்ம பாவாயி நம்மளை உட்டுட்டுப் போயிட்டா. மூளைக் காய்ச்சலாம்.

எல்லாரும் உங்களுக்காகப் பாத்தாங்க. அடுத்த நாள் பொழுது உச்சிக்கு வந்ததும் இனித் தாங்காதுன்னுட்டாங்க. கொடிக்காலுக்கு மேக்கால, வேலியோரத்துல புதைச்சு வெச்சிருக்குது. தந்தி கிடைக்காட்டி இதைக் கண்டதும் கிளம்பி வாங்க. பஸ் நிக்கற சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறேன்.

வேற எழுத முடியலைங்க.

சௌந்திரம்


சாகர் ஜில்லா
12-4-1983

சௌந்திரத்துக்கு,

நீ போன மாசம் போட்ட கடுதாசியை நேத்துத்தான் செல்லமுத்து கொண்டாந்து குடுத்தாரு. இத்தனை நாளும் ஏஜெண்டு கடையிலேயே கிடந்துச்சாம். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் போடலையா? கோவமா?

பாவாயிக்குக் காய்ச்சல் சரியாயிருக்கும். இந்நேரம் கொடிக்கால்ல அகத்திப்பூப் பொறுக்கிக்கிட்டுத் திரிவா. அவ கேட்டதை வண்டியில எல்லாருக்கும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அடியில இருக்கறவங்க எல்லாரும் குடை வெச்சிருக்காங்கன்னு சொல்லு. கேள்வி அதோட நிக்காது, எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு செவப்புச் சட்டை எடுத்திருக்கேன். நான் வாரதுக்குள்ள வளந்திருவான்னு ஒரு சைஸ் பெருசாவே எடுத்தேன்.

செல்லமுத்து இப்பல்லாம் எம் மேல ரொம்பப் பிரியமா இருக்காரு. கறி எடுத்தா நல்ல துண்டெல்லாம் என் தட்டுக்குத்தான். "மூஞ்சி வாடியிருக்குதே, போயிப் படு சின்னுசாமி"ங்கறாரு. அவரு வாயில அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. பாவம், அவருக்கும் ஊட்டு நெனப்பா இருக்கும்.

இங்க ஒண்ணுதான் கஷ்டம். என்ன நெனைச்சாலும் சொல்றதுக்கு ஆளில்லை. எல்லாருக்கும் அவங்கவங்க ஊடு இருக்குது, அடுத்தவன் ஊட்டுக் கதை எதுக்கு? லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு உங்கிட்டப் பேசற மாதிரி வாயை அசைச்சுக்குவேன். நேத்து அதைப் பாத்துட்டு ஒருத்தன் எந்தச் சாமியைக் கும்பிடறேன்னு கேட்டான்.

பதில் போடு.

சின்னுசாமி


பரமத்தி வேலூர்
26-4-1983

மாமாவுக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. சுவாமிநாதன்தான் கொண்டாந்தாரு. எல்லாரும் சுத்தி உக்காந்துக்கிட்டு "சின்னுசாமி என்ன எழுதியிருக்கான், படி"ன்னாங்க. சட்டை எடுத்தேன்னு இருந்த எடத்துல படிக்கறதை நிறுத்திட்டேன். உங்களுக்கு இன்னும் தெரியாது. தந்தி அனுப்பி, கடுதாசி போட்டு, இன்னும் தெரியாது. இத்தனை நாளும் நீங்க வேணும்னே வரலைன்னு நெனைச்சு உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

இப்பத் திருப்பியும் நானே சொல்லோணும். பாவாயி செத்துப் போயிட்டா. அந்தக் காய்ச்சல்லயே போயிட்டா. உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால நடந்ததை எழுதறேன்.

கயிறு கட்டியும் காய்ச்சல் எறங்கலை. அடுத்த நாள் காலையில கண்ணு மேல செருகிக்கிச்சு, கையும் காலும் வெட்டி இழுத்துச்சு. அத்தையைக் கேக்காமயே தூக்கிக்கிட்டு ஓடினேன். கொடிக்கால்ல இருந்து மாரக்காள் பாத்துட்டு, கையில இருந்த வெத்தலையைப் போட்டுட்டுப் பின்னால ஓடியாந்தா. வேலூர் டாக்டர் ஒரு ஊசி போட்டாரு. "நிக்காதீங்க, நாமக்கல் கொண்டு போங்க"ன்னாரு. பஸ்சுல போகும்போது மூச்சு ஒரு மாதிரி வந்துச்சு. பொறவு தூங்கிட்டான்னு நெனைச்சேன். நாமக்கல் ஆஸ்பத்திரியில டாக்டர் தொட்டுப் பாத்துட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. "வழியிலேயே முடிஞ்சிருச்சும்மா, கொண்டு போயிருங்க"ன்னாரு.

வாடகைக் காரு கேட்டோம். பொணம்னு தெரிஞ்சதும் வர மாட்டேன்னுட்டாங்க. பஸ்சுலயும் ஏத்த மாட்டாங்கன்னு அங்க நின்னவங்க சொன்னாங்க. அப்ப மாரக்காள்தான் எங்காதுல சொன்னா: "அம்மிணி, தூங்கற புள்ளையத் தோள்ல போட்டுக்கற மாதிரி போட்டுக்கோ. அழுவாதே. ஊடு போற வரைக்கும் அழுவாதே." முந்தானையால மூடித் தோள்ல போட்டுக்கிட்டு ஏறினேன். எடமில்லை. ஒரு பொம்பளை எந்திரிச்சு எனக்கு எடங் குடுத்தா. மாரக்காள் என்னைக்கும் எம் பக்கத்துல சமமா உக்காரமாட்டா. அன்னைக்கு அந்த எடத்துலயே என்னை ஒட்டி நெருக்கி உக்காந்து, எங்கையை அவ மடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டா.

எடங் குடுத்த பொம்பளை, "பாப்பா நல்லாத் தூங்குதா?"ன்னு கேட்டா.

"ஆமாங்க"ன்னேன்.

"வெயிலுக்குத் தூங்கட்டும்"னா.

பரமத்தி வந்ததும் தோள்ல கனம் மாறிப் போச்சு. தூங்கற புள்ளைக்கு ஒரு கனம் உண்டுங்க. அது வேற, இது வேற. கண்டக்டர் டிக்கெட்டுக் கேட்டப்போ மாரக்காள்தான் வாங்கினா. ஊட்டு வாசல் வந்து சேர்ற வரைக்கும் நான் அழுவலை. வந்த பொறவும் அழுகை வரலை. வராததைப் பாத்துட்டு இவ மனசு கல்லுன்னு எழவுக்கு வந்த ஒரம்பரையெல்லாம் சொல்லிட்டுப் போச்சு.

அவ்வளவுதாங்க நடந்தது. இனியாவது வாங்க.

சௌந்திரம்


சாகர்
9-5-1983

சௌந்திரம்,

கம்ப்ரசர் ரிப்பேருக்கு நானே சாகருக்கு வந்தேன். ஏஜெண்டு கடையில உன் கடுதாசியைக் குடுத்தாங்க. ரோட்டுல நின்னுக்கிட்டே படிச்சேன்.

படிச்சுட்டுக் கடைக்குள்ள போயி, தந்தி வந்துச்சான்னு சைகையில கேட்டேன். அந்த ஆளு, "மேனேஜர், மேனேஜர்"னு சட்டைப் பையைத் தட்டிக் காமிச்சான். பழைய நோட்டை எடுத்துக் காட்டினான். மார்ச்சுக் கடைசியிலேயே செல்லமுத்து கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கான். நடுவுல நீ போட்ட கடுதாசியும் அவன் கைக்குத்தான் போயிருக்குது.

வண்டிக்குப் போனேன். அவன் சோத்துக்கு முன்னால உக்காந்திருந்தான். மூஞ்சியைப் பாத்ததுமே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. "சொல்லலாம்னுதான் இருந்தேன் சின்னுசாமி. நீ போயிட்டா வண்டி நின்னுரும். முதலாளிக்கு என்ன பதில் சொல்றது? தந்தி வந்தப்பவே எல்லாம் முடிஞ்சாச்சு. நீ போயி என்ன பண்ணியிருப்பே?"ன்னான். நான் அவனை அடிச்சேன். மத்தவங்க இழுத்துப் புடிக்கற வரைக்கும் அடிச்சேன். ஒவ்வொரு நாளும் எங்கூட ஒக்காந்து தின்னான். பாவாயி கேட்ட கேள்வியை நான் சொன்னப்போ எல்லாத்தையும் விட ஜாஸ்தி சிரிச்சது அவன்தான். அப்ப அவ மண்ணுக்குள்ள இருந்தா. அது அவனுக்குத் தெரியும்.

உன்னையும் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு நாளாக் காய்ச்சல்னு எழுதினயே, ரெண்டு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தே? வேலூர்ல டாக்டர் இல்லையா? அம்மா கயிறு கட்டினா உனக்குக் கால் இல்லையா? உங்கையில குடுத்துட்டுத்தானே வந்தேன்.

நான் வரலை. வந்து எதைப் பாக்கறது? என்னை எதிர்பாக்காதீங்க.

சின்னுசாமி


பரமத்தி வேலூர்
24-5-1983

சின்னுசாமி அவர்களுக்கு,

உங்கையில குடுத்துட்டுத்தானே வந்தேன்னு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சுட்டு உங்க அம்மாகிட்டக் கொண்டு போயிக் காட்டினேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால நானே வாசிச்சுக் காட்டினேன். அன்னைக்கு அவங்க மாட்டுகிட்டக் கூடப் பேசலை.

எனக்குக் கால் இருந்துச்சுங்க. ஆனா உங்க ஊட்டுல நான் காலை எடுத்து வெக்கோணும்னா யாரைக் கேக்கோணும்னு கல்யாணமான அன்னைக்கே சொல்லிக் குடுத்தது நீங்கதான். "அம்மா சொல்லு மீறாதே"ன்னு எத்தனை தடவை சொன்னீங்க? மீறாம இருந்தேன். மீறி ஓடின அன்னைக்கு நேரம் தப்பிப் போச்சு.

நீங்க செல்லமுத்துவை அடிச்சீங்க. நான் யாரை அடிக்கட்டும்?

இங்க யாரும் அவ பேரைச் சொல்றதில்லை. அவ தட்டு, பாவாடை, படுத்த பாய் எல்லாத்தையும் கண்ணுல படாம எடுத்து எங்கயோ போட்டுட்டாங்க. அவ பேரை எடுத்தா எனக்குப் பயித்தியம் புடிச்சிருமாம். சோறாக்கறேன், கவுளி அடுக்கறேன், ஒரு நாளுக்கு நாலு வார்த்தை கூடப் பேசறதில்லை. போன வாரம் மாரக்காள் வந்து பக்கத்துல உக்காந்தா. எந்திரிச்சுப் போயிட்டேன். அவளைப் பாத்தா பஸ்சு நெனப்பு வருது.

கிணத்தடிக்குப் போறதும் வாரதுமா இருக்கேன். எதுக்குன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்க வர வேண்டாம். இனி நானும் எழுத மாட்டேன்.

சௌந்திரம்


இட்டார்சி ஸ்டேசன்
17-7-1983

சௌந்திரத்துக்கு,

இது உனக்குக் கிடைக்குதோ இல்லையோ, நீ பிரிப்பியோ மாட்டியோ, தெரியலை. அந்தக் கடுதாசியில நான் எழுதினதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிட்டேன்.

அன்னைக்கே வண்டியை உட்டு எறங்கிட்டேன். மெட்ராஸ் ரயில் புடிக்கத்தான் இட்டார்சிக்கு வந்தேன். ரயிலும் வந்துச்சு. கதவுக்கிட்டப் போயி நின்னேன். ஏறுனா ஊருக்குப் போயிரும், ஊருக்குப் போனா அவ இருக்க மாட்டான்னு தோணுச்சு. ஏறலை. அடுத்த நாளும் ஏறலை. அப்படியே பிளாட்பாரத்துல கிடந்தேன். தாடி வளந்து, சட்டை கிழிஞ்சு, காய்ச்சல் வந்து, ஒரு கம்பத்துக்கிட்டச் சுருண்டு கெடந்தப்போ என்னைப் பிச்சைக்காரன்னு நெனைச்சுக் காசு போட்டுட்டுப் போனாங்க. பாவாயி போனது இப்படித்தான் இருந்திருக்கும், நானும் இப்படியே போயிட்டா நல்லதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

பிளாட்பாரத்துல டீ விக்கற பெரியவர் ஒருத்தர் என்னைக் கையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சு, டீயை ஆத்தி ஆத்தி வாயில ஊத்தினாரு. எனக்கு அவரு பேச்சுத் தெரியாது, அவருக்கு என் பேச்சுத் தெரியாது. "மதராஸி, மதராஸி"ன்னு கூப்புடுவாரு. காய்ச்சல் எறங்கினதும் டம்ளர் கழுவச் சொன்னாரு. கழுவிக்கிட்டு இருக்கேன். அவருகிட்டப் பாவாயியைப் பத்தி நெறையச் சொல்லியிருக்கேன், தமிழ்லதான். அவரு தலையாட்டிக்கிட்டே கேப்பாரு. ஒரு எழுத்துப் புரிஞ்சிருக்காது. இருந்தாலும் கேப்பாரு.

தினமும் மெட்ராஸ் போற வண்டி இங்க நிக்கும். அப்ப வேலையைப் போட்டுட்டு ஓடிருவேன். ஏறறதுக்கில்லை. சன்னலோரமா நடந்துக்கிட்டே அவங்க பேசறதைக் கேப்பேன். "தயிர் சாதம் கெட்டுப் போச்சா", "அந்தப் பையை மேல வை", "பாட்டிலை மூடு". அவ்வளவுதான். அதைக் கேக்கறதுக்குன்னே ஒரு நாளெல்லாம் காத்துக்கிட்டு இருப்பேன்.

முந்தாநாளு ஒரு அம்மா சன்னலுக்குள்ள இருந்து கூஜாவை நீட்டி, "தம்பி, தமிழா? மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடுப்பா"ன்னாங்க. ஓடிப் போயிப் புடிச்சாந்து குடுத்தேன். வாங்கிக்கிட்டு எந்த ஊருன்னு கேட்டாங்க.

"சேலம் ஜில்லாங்க. பரமத்தி வேலூரு."

"இவ்வளவு தூரம் வந்து கெடக்கியே. கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்க."

"எத்தனை கொழந்தைங்க?"

"ஒண்ணுங்க. பொண்ணு"ன்னேன்.

"உன்னத் தேடுமேப்பா"ன்னாங்க. வண்டி கிளம்பிருச்சு.

நான் அங்கயே உக்காந்துட்டேன். சௌந்திரம், இத்தனை மாசத்துல அன்னைக்குத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. சத்தம் போட்டு அழுதேன். டீக்கடைப் பெரியவர் ஓடியாந்து, கேக்காம கொள்ளாம எம் முதுகைத் தடவிக்கிட்டே நின்னாரு. அப்பத்தான் உன்னை நெனைச்சேன். நீ பஸ்சுல "ஆமாங்க"ன்னு சொன்னயே, அது எப்படி இருந்திருக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அதை உனக்கு எழுதோணும்னுதான் இந்தக் கடுதாசி.

உம் மேல எந்தத் தப்பும் இல்லை. எங்கம்மா மேலயும் இல்லையோ என்னமோ. எனக்குத் தெரியலை. நான் வரலாமா? வர வேண்டாம்னா அதையாவது ஒரு கார்டுல எழுதிப் போடு. டீக்கடை விலாசம் பின்னால இருக்குது, பெரியவரே கடைக்கு வர்ற பையன்கிட்டச் சொல்லி இங்கிலீசுல எழுதி வாங்கிக் குடுத்தாரு.

சின்னுசாமி


பரமத்தி வேலூர்
30-7-1983

மாமாவுக்கு,

உங்க கடுதாசியைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பிரிக்கலை. பிரிச்சுப் படிச்சேன். நீங்க உசுரோட இருக்கறீங்கன்னு சொன்னதும் அத்தை எந்திரிச்சுச் சாமி படத்துக்கு முன்னால போயி நின்னுக்கிட்டாங்க. ரிக் முதலாளி ஊட்டுக்குச் சுவாமிநாதன் ரெண்டு தடவை போயிக் கேட்டாரு. நீங்க எங்க போனீங்கன்னு யாருக்கும் தெரியலை. நான் உங்களுக்கு மே மாசம் போட்ட கடுதாசி, ஆள் இல்லைன்னு திரும்பி வந்துச்சு. நல்லதாப் போச்சு. அதை அடுப்புல போட்டுட்டேன்.

அந்த மாசம் நான் உங்களை மாதிரியே இருந்தேனுங்க. ஒரு நாளு மத்தியானம், எல்லாரும் சோத்துக்குப் போன நேரம், கிணத்து மேல ஏறி நின்னேன். எட்டிப் பாத்தா அடியில தண்ணி இல்லை, பாறை தெரியுது. எறங்கவும் முடியலை, திரும்பவும் முடியலை. எத்தனை நேரம் நின்னேனோ. பின்னால மாரக்காள் வந்திருக்கறா. சத்தம் போடலை, கையப் புடிக்கலை. பக்கத்துல வந்து சுவத்து மேல அவளும் உக்காந்துக்கிட்டா. உக்காந்துட்டுச் சொன்னா:

"நான் மூணு புள்ளையை மண்ணுக்குக் குடுத்திருக்கறேன் அம்மிணி. மூத்தவன் கந்தன். அதுக்கடுத்தவ பெருமாயி. மூணாவது பேரு வெக்கறதுக்கு முன்னாலேயே போயிருச்சு. கந்தனுக்குக் கருவாடு வாசம் வந்தாப் போதும், எங்கிருந்தாலும் ஓடியாந்துருவான். இதையெல்லாம் நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. கேக்க ஆளில்லை. பண்ணையத்துல வேலை கெடக்கையில இதையெல்லாம் ஆரு கேப்பாங்க?"

எட்டு வருசமா அவ நம்ம கொடிக்கால்ல கிள்ளறா. அவளுக்குச் செத்துப் போன புள்ளைங்க உண்டுன்னு எனக்குத் தெரியாதுங்க. கேட்டதே இல்லை.

பொறவு எங்கிட்டக் கேட்டா: "நம்ம பாவாயி என்ன பேசும், சொல்லு அம்மிணி." பேரைச் சொல்லிக் கேட்டா. எனக்கு வாய் தெறந்துருச்சு. நீங்க அடியில இருக்கறவங்களுக்குக் குடை குடுத்ததைச் சொன்னேன். அவ சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது அழுகை வந்துச்சு. அவ மடியில தலையை வெச்சுக்கிட்டு, பொழுது எறங்கற வரைக்கும் கிணத்து மேல அழுதேன். அதுக்கப்புறம் நான் கிணத்தடிக்குத் தனியாப் போறதில்லை.

இப்ப தினமும் வேலை முடிஞ்சதும் அவ ஊட்டுக்குள்ள வந்து உக்காருவா. முதல் நாளு அத்தை மாட்டைப் பாத்து, "எவளெவளோ ஊட்டுக்குள்ள வாரா"ன்னாங்க. நான் மாட்டைப் பாக்கலை. அவங்களையே பாத்து, "அவ வருவா அத்தை"ன்னேன். எதுத்துச் சொல்றதுக்கு அவங்ககிட்டயும் தெம்பில்லை. காலையில எந்திரிச்சா வேலியோரத்துல போயி உக்காந்திருக்காங்க. முள்ளு வெட்டறேன்னு சொல்றாங்க, கையில அருவா இருக்கறதில்லை. நான் அவங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலைங்க. அவங்களும் தனியாத்தான் இருக்காங்க, அதைச் சொல்றேன். நேத்து மாரக்காள் வரத் தாமசமாச்சு. "இன்னும் காணமே"ன்னு அவங்களே தடத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

உங்க விசயத்துக்கு வாரேன். "உங்கையில குடுத்துட்டுத்தானே வந்தேன்"னு எழுதினீங்க. அதை நான் மறக்கலை. மறப்பேனான்னும் தெரியலை. இப்ப நீங்க நல்லா நாலு வரி எழுதிட்டதால அது அழிஞ்சு போகாது. ஆனா நான் ஒண்ணு யோசிச்சேன். மாரக்காள்கிட்ட பாவாயியைப் பத்திச் சொல்றேன், அவ கேட்டுக்கறா. ஆனா பாவாயி பொறந்த அன்னைக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு மருத்துவச்சியைக் கூட்டியாந்தது நீங்க. அவ முதல்ல எப்படி எந்திரிச்சு நின்னா, எந்தப் பக்கம் விழுந்தா, அதையெல்லாம் பாத்தது நாம ரெண்டு பேருதான். நான் ஏதாவது ஒண்ணைத் தப்பாச் சொன்னா, "இல்லை, அப்படி இல்லை"ன்னு திருத்தறதுக்கு இந்த உலகத்துல உங்களைத் தவிர ஆளில்லை. அந்த ஆளு ஆயிரம் மைலுக்கு அப்பால டம்ளர் கழுவிக்கிட்டு இருந்தா நான் யாருகிட்டச் சொல்லி யாரைத் திருத்தச் சொல்லட்டும்?

அந்தப் பெரியவருக்குச் சொல்லுங்க, எம் புருசனுக்கு டீ ஊத்தினதுக்குக் கும்பிடறேன்னு. தமிழ்லயே சொல்லுங்க.

வண்டி ஏறுங்க. மெட்ராஸ்ல வண்டி மாறி, சேலத்துல எறங்கி நாமக்கல் பஸ் புடிச்சா மத்தியானத்துக்குள்ள வேலூர் வந்துரலாம். உங்களைப் பாத்ததும் நான் அழுவேனா, திட்டுவேனா, கதவைச் சாத்திக்குவேனா, எனக்கே தெரியலைங்க. சாத்திக்கிட்டேன்னா திரும்பிப் போயிராதீங்க. தட்டுங்க.

சௌந்திரம்